குரல் இருந்தது, மொழிதான் இல்லை: சுலோச்சனாவும் பேசும்படமும்

நடிகை சுலோச்சனாவைப் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று, அவர் பம்பாய் கவர்னரை விட அதிகச் சம்பளம் வாங்கினார் என்பது. இன்னொன்று, பேசும்படம் வந்ததும் அவருடைய கதை முடிந்துபோனது என்பது. இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன. ஏறியவர் விழுந்தார் என்கிற கதை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் தேதிகளையும் படப் பெயர்களையும் வரிசையாக எழுதி வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தி, மராத்திப் படங்களில் அம்மாவாக வந்த சுலோச்சனா லாட்கர் வேறு. நான் சொல்லும் சுலோச்சனா அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர். இயற்பெயர் ரூபி மையர்ஸ். 1907இல் புனேயில் பிறந்தார். பாக்தாத் பகுதியிலிருந்து வந்து மேற்கிந்தியாவில் குடியேறிய யூதக் குடும்பம். ஊமைப்படக் காலத்தில் இந்தியாவிலேயே மிகப்பெரிய நட்சத்திரங்களில் ஒருவர்.

சம்பளக் கணக்கு

கவர்னர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சுலோச்சனாவின் உச்சகாலச் சம்பளம் என்று பரவலாகச் சொல்லப்படுவது மாதம் 5,000 ரூபாய். 1935ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம் பம்பாய் கவர்னருக்கு வைத்த சம்பளம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. ஆக, நடிகை வாங்கியது கவர்னர் வாங்கியதில் பாதி.

ஆனாலும் இந்தக் கதையை வெறும் புருடா என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஒரு பெண், அதுவும் சினிமாவில் நடிக்கிற பெண், மாதம் ஐயாயிரம் சம்பாதிக்கிறாள் என்பது அன்றைய ஜனங்களுக்கு நம்பவே முடியாத சங்கதி. அதை எதோடு ஒப்பிடுவது? ஊரில் அவர்களுக்குத் தெரிந்த பெரிய சம்பளக்காரர் கவர்னர்தான். அந்த வியப்பே கதையாகிவிட்டது.

இரண்டாவது விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டெலிபோன் ஆபரேட்டர்

சினிமாவுக்கு வருவதற்கு முன் ரூபி மையர்ஸ் பம்பாயில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் எண்ணைச் சுழற்றி யாரோடும் நேரே பேசிவிட முடியாது. ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் பேசுவார், எண்ணைக் கேட்டு, இணைத்துக் கொடுப்பார். முகமே தெரியாத வேலை. குரல் மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோஹினூர் கம்பெனியின் மோகன் பவ்நானி அவரை நடிக்கக் கூப்பிட்டார். முதலில் மறுத்துவிட்டார் ரூபி. அன்றைக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை. பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் (1913) தாராமதியாக நடித்தவர் சாளுங்கே என்கிற ஆண். பெண் வேஷத்துக்குப் பெண் கிடைக்கவில்லை. அதன் பிறகும் வெகுகாலத்துக்கு, ‘கௌரவமான’ குடும்பத்துப் பெண்கள் காமிரா முன் வருவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயமாக இருந்தது. பவ்நானி விடவில்லை. கடைசியில் ரூபி சம்மதித்தார். 1925இல் திரைக்கு வந்தார். ரூபி மையர்ஸ் சுலோச்சனா ஆனார்.

அழகிய கண்களை உடையவள் என்பது அந்தப் பெயரின் பொருள். ஊமைப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. அங்கே கண்தான் பேச வேண்டும்.

அவருடைய ஆரம்பகாலப் படப் பெயர்களைப் பாருங்கள்: ‘டெலிபோன் கேர்ள்’, ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. இரண்டும் 1926. புராணமும் சரித்திரமும் ஓடிக்கொண்டிருந்த திரையில் திடீரென்று சம்பாதிக்கிற நகரத்துப் பெண் வந்து நிற்கிறாள். 1927இல் வந்த ‘வைல்ட்கேட் ஆஃப் பாம்பே’யில் அவருக்கு எட்டு வேஷம். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தங்கநிறக் கூந்தல் ஐரோப்பியப் பெண் என்று ஒரே படத்தில் மாறிக்கொண்டே இருக்கிறார். பிறகு அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிக்குப் போனார். ‘மாதுரி’ (1928), ‘அனார்கலி’ (1928), ‘இந்திரா பி.ஏ.’ (1929) என்று வரிசையாக வெற்றி.

எட்டு வேஷம் என்பதை இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். ஹைதராபாத்காரர் பேசுகிற உருதுவும், தோட்டக்காரர் பேசுகிற பேச்சும், வெள்ளைக்காரி பேசுகிற இங்கிலீஷும் ஒன்றா? பேசும்படத்தில் இந்த எட்டு பேரையும் ஒரே ஆள் செய்ய வேண்டுமானால் எட்டு விதமாகப் பேசத் தெரிய வேண்டும். ஊமைப்படத்தில் தலைப்பாகையும் மீசையும் போதும்.

மௌனம் திறந்த கதவு

ஊமைப்படத்தை நாம் பெரும்பாலும் ஒரு குறையாகவே நினைக்கிறோம். சத்தம் இல்லாத படம், அவ்வளவுதான். ஆனால் இந்தியா மாதிரி ஒரு நாட்டில் அந்தச் சத்தமின்மை பெரிய சௌகரியம். வசனம் எழுத்து அட்டைகளாக வரும். ஊருக்குத் தகுந்தபடி மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஒரே அட்டையில் மூன்று நான்கு மொழிகள் போடுவதும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையிலேயே ஒருவர் உரக்க வாசிப்பார். கராச்சியில் ஓடிய படம் சென்னையிலும் ஓடும். நடிகையின் தாய்மொழி என்ன என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

இந்த மௌனம் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மற்றவர்கள் வரத் தயங்கிய இடத்துக்கு யூத, ஆங்கிலோ இந்தியப் பெண்கள் வந்தார்கள். கல்கத்தாவின் மதன் கம்பெனியில் பேஷன்ஸ் கூப்பர். ‘பிரேம் சன்யாஸ்’ (1925), ‘ஷிராஸ்’ (1928) போன்ற படங்களில் நடித்த சீதா தேவி. அவருடைய உண்மைப் பெயர் ரெனி ஸ்மித். சுலோச்சனா, சீதா தேவி என்கிற பெயர்கள் திரையில் இருந்தன, வீட்டில் பேசிய மொழி வேறாக இருந்தது. அது யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் யாருக்கும் கேட்கவில்லை.

1928இல் ஒரு வேடிக்கை நடந்தது. வேறொரு கம்பெனி அனார்கலி கதையை சீதா தேவியை வைத்துப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டிருந்தது. இரானி முந்திக்கொண்டு, சுலோச்சனாவை வைத்து அவசர அவசரமாக ஒரு ‘அனார்கலி’யை எடுத்து முதலில் வெளியிட்டு வெற்றியும் பெற்றார். மொகலாய அரண்மனையின் மிகப் பிரபலமான காதலியாக நடிக்க அன்று போட்டியிட்ட இரண்டு பேரில் ஒருவர் ரூபி மையர்ஸ், இன்னொருவர் ரெனி ஸ்மித். மூன்றே வருஷத்தில் இப்படி ஒரு போட்டி நடக்கவே முடியாமல் போனது.

1931, மார்ச் 14

அன்றுதான் பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் ‘ஆலம் ஆரா’ வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படம். எடுத்தவர் அதே அர்தேஷிர் இரானி, கம்பெனி அதே இம்பீரியல். கதாநாயகி மட்டும் அந்தக் கம்பெனியின் மிகப்பெரிய நட்சத்திரம் அல்ல. ஜுபைதா நடித்தார். அவர் சச்சின் சமஸ்தானத்து நவாபின் மகள். தாய் ஃபாத்மா பேகம், இந்தியாவின் முதல் பெண் இயக்குநர். உருது அவர் வீட்டில் புழங்கிய மொழி.

இந்த இடத்தில்தான் ‘சுலோச்சனாவின் குரல் சரியில்லை’ என்கிற மாதிரி ஒரு எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ (1952) பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் ஊமைப்பட நாயகியின் கீச்சுக்குரல்தான் பெரிய நகைச்சுவை. பேசும்படத்தால் வேலை இழந்த நடிகைகள் எல்லோருக்கும் அந்தக் கீச்சுக்குரலை நாமாகவே மாட்டிவிடுகிறோம். சுலோச்சனாவின் முதல் வேலை என்ன? குரலை மட்டும் வைத்துச் செய்கிற வேலை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார வைக்கத் தகுதியான குரல் சினிமாவுக்கு மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகும்?

பிரச்சினை மொழி. புதிய பேசும்படம் பேசியது தெருவில் காய்கறி வாங்கும் ஹிந்துஸ்தானியை அல்ல. ‘ஆலம் ஆரா’வே பார்சி நாடக மேடையிலிருந்து வந்த கதை. ஜோசப் டேவிட் எழுதிய நாடகம். அந்த மேடையின் நடை உருது கலந்தது, செய்யுள் வாடை அடிப்பது, நிறுத்தி நிதானமாக உச்சரிக்க வேண்டியது. கூடவே பாட்டு. ‘ஆலம் ஆரா’வில் ஏழு பாட்டு. அடுத்த வருஷம் மதன் கம்பெனி எடுத்த ‘இந்திரசபா’வில் சுமார் எழுபது! பின்னணிப் பாடல் முறை இந்தியாவுக்கு வந்தது 1935இல்தான். அதுவரை திரையில் தெரிகிறவரே, காமிரா ஓடும்போதே, பாடியாக வேண்டும். இங்கிலீஷ் பேசி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரே நாளில் வந்து சேரக்கூடிய விஷயங்களா இவை?

தொழில்நுட்பமும் தப்பிக்க வழி விடவில்லை. இரானி பயன்படுத்திய கருவியில் படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் ஒரே நேரத்தில் பதிவாகும். நடித்து முடித்த பிறகு வேறொருவர் பேசிச் சேர்ப்பது என்பது நடக்காது. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. ரயில் சத்தம் அடங்கும் நேரம் பார்த்து, நள்ளிரவுக்கு மேல், செயற்கை விளக்கு வைத்து எடுத்தார்கள். மைக்கை எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள். நடிகர்கள் அதைச் சுற்றித்தான் நிற்கவேண்டும். ஓடி, தாவி, வேஷம் மாறி நடித்த சுலோச்சனாவின் பாணிக்கு இதுவும் ஒரு விலங்குதான்.

இங்கே எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. ‘ஆலம் ஆரா’வின் கதாநாயகன் மாஸ்டர் விட்டல், மராத்திக்காரர், சண்டைப் படங்களில் புகழ் பெற்றவர். அவரை எடுப்பதற்காக வழக்கே நடந்தது. பழைய கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டித் தடுக்கப் பார்த்தது. விட்டலுக்காக வாதாடி ஜெயித்துக் கொடுத்தவர் முகமது அலி ஜின்னா. இவ்வளவு பாடுபட்டு அழைத்து வந்தவருக்கு உருது சரளமாக வரவில்லை. என்ன செய்தார்கள்? படத்தில் பெரும்பகுதி அவர் மயக்க நிலையில் இருக்கிற மாதிரி அமைத்துவிட்டார்கள்! மொழி வராத நாயகனுக்காகக் கதை வளைந்து கொடுத்தது. மொழி வராத நாயகிக்கு அப்படி எதுவும் வளையவில்லை.

அதே ஸ்டூடியோ, இன்னொரு நடிகை

அதே வருஷம் அக்டோபர் 31ஆம் தேதி சென்னையில் ‘காளிதாஸ்’ வந்தது. எச். எம். ரெட்டி இயக்கியது. இதையும் தயாரித்தது இம்பீரியல்தான். பம்பாயில், ‘ஆலம் ஆரா’ எடுத்த அதே இடத்தில் எடுத்தார்கள். கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி. திருவையாற்றுக்காரர். குழந்தைக் கல்யாணத்தின் கொடுமையைப் பார்த்துவிட்டு, சின்ன வயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர். பாடுவார், ஆடுவார், வசனத்தைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசுவார்.

மைக் கேட்டது இவரைத்தான். அந்தப் படத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசவில்லை என்பது பிரசித்தம். ராஜலக்ஷ்மி தமிழ் பேச, மற்றவர்கள் தெலுங்கு பேச, அதையே ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். ஆகப் பேசும்படத்தின் தொடக்கத்தில் கலப்படத்தை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கலப்படத்துக்குள் ஒரு விதி இருந்தது: நீ பேசுவது யாராவது ஒரு கூட்டத்து ரசிகரின் சொந்த மொழியாக இருக்க வேண்டும். ராஜலக்ஷ்மிக்குப் பின்னால் ஒரு தமிழ்நாடே இருந்தது. ரூபி மையர்ஸுக்குப் பின்னால் எந்த மாகாணம் இருந்தது?

ராஜலக்ஷ்மி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கித் தயாரித்தார். தான் எழுதிய நாவலையே படமாக்கினார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்காக கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். மேடையில் பாடி வளர்ந்த பெண்களுக்குப் பேசும்படம் பொற்காலத்தைக் கொண்டுவந்தது. ‘பேசும்படம் நடிகைகளை அழித்தது’ என்று பொதுவாகச் சொல்வது இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. அது ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்தது. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டிலும் இதே கணக்குதான். ஹிட்ச்காக்கின் ‘பிளாக்மெயில்’ (1929) படத்தின் நாயகி ஆனி ஓந்த்ரா, செக் மொழிக்காரர். இங்கிலீஷ் உச்சரிப்பு ஒத்துவரவில்லை. காமிராவுக்கு வெளியே ஜோன் பாரி என்கிற நடிகை நின்று பேச, ஓந்த்ரா வாயை மட்டும் அசைத்தார். பிறகு ஓந்த்ரா ஜெர்மனியில் பேசும்படங்களில் நடித்து நன்றாகவே இருந்தார். குரல் கெட்டுப்போகவில்லை, ஊர்தான் மாறவேண்டியிருந்தது. ஓந்த்ராவுக்குப் போக ஒரு ஊர் இருந்தது என்பதுதான் வித்தியாசம். இங்கிலீஷ் பேசிய இந்திய நட்சத்திரத்துக்கு 1931இல் போக இடம் கிடையாது. அவர் இருந்த இடத்திலேயே மாறியாக வேண்டும்.

ஒரு வருஷப் படிப்பு

மாறினார். இந்தப் பகுதியைத்தான் ‘கதை முடிந்தது’ என்று எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். சுலோச்சனா சுமார் ஒரு வருஷம் ஒதுங்கியிருந்து ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் ஒருவர், சினிமா தலைகீழாக மாறிக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷத்தை, உட்கார்ந்து உச்சரிப்பு படிக்கச் செலவிட்டார். 1932இல் ‘மாதுரி’ பேசும்படமாக வந்தது. 1928இல் மௌனமாக நடித்த அதே ‘மாதுரி’.

அதற்குப் பிறகு படங்கள் வரிசையாக வந்தன. 1933இல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து ‘சுலோச்சனா’. 1934இல் ‘இந்திரா எம்.ஏ.’. ஊமையாக இருந்தபோது பி.ஏ. படித்த இந்திரா, பேச ஆரம்பித்ததும் எம்.ஏ. முடித்துவிட்டாள்! 1935இல் மறுபடி ‘அனார்கலி’. 1936இல் ‘பம்பய் கி பில்லி’. பழைய ‘வைல்ட்கேட்’தான் இது. மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளம், புது ஷெவர்லே கார் என்று சொல்கிற கதைகளும் இந்த முப்பதுகளைப் பற்றியவைதான். முடிந்துபோன நடிகைக்கு யாராவது இவ்வளவு கொடுப்பார்களா?

ஆனால் அந்தப் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். ‘மாதுரி’, ‘இந்திரா’, ‘அனார்கலி’, ‘பில்லி’. முக்கியமான வெற்றிகள் எல்லாமே மறுபதிப்பு. ஏற்கெனவே பார்த்த படத்தில் அவர் இப்போது பேசுகிறார் என்பதுதான் விற்பனைச் சரக்கு. நாயகனும் பெரும்பாலும் பழைய ஜோடியான டி. பில்லிமோரியா. கம்பெனியும் பழையது. பேசும்படம் சுலோச்சனாவை ஒழிக்கவில்லை, தன்னையே திரும்பத் திரும்ப நடிக்க வைத்தது. ரசிகருக்கு ஏற்கெனவே அவர் மேல் இருந்த பிரியத்தை வைத்து, தேறிய மொழியில், தெரிந்த கதையைச் சொல்வதுதான் பாதுகாப்பான வழி. கெட்டிக்காரத்தனமான வழியும்கூட. ஆனால் பழைய வெற்றிகள் ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். அவை தீர்ந்த பிறகு?

தீர்ந்தன. 1938இல் இம்பீரியல் மூடப்பட்டது. பில்லிமோரியாவுடனான ஜோடியும் முப்பதுகளோடு முடிந்தது. புதிய நடிகைகள் வந்துவிட்டார்கள். மொழியோடு பிறந்தவர்கள், பாடத் தெரிந்தவர்கள். ஊமைப்பட ஞாபகம் இல்லாத புது ரசிகர்களும் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு ‘மறுபடியும் சுலோச்சனா’ என்பதில் ‘மறுபடியும்’ புரியாது. சொந்தக் கம்பெனியும் தொடங்கிப் பார்த்தார். பிறகு சின்ன வேஷங்கள். 1947இல் திலீப் குமார், நூர்ஜஹான் நடித்த ‘ஜுக்னு’வில் அப்படி ஒரு வேஷம்.

என்னைக் கேட்டால், 1931க்கும் அவருடைய சரிவுக்கும் நடுவில் உள்ள அந்த ஏழெட்டு வருஷங்கள்தான் அவர் வாழ்க்கையிலேயே மெச்சத்தக்க பகுதி. ஊமைப்பட வெற்றி அவர் கண்ணுக்கும் துணிச்சலுக்கும் கிடைத்தது. இந்த வெற்றி உழைப்புக்குக் கிடைத்தது. அதையே அழித்துவிட்டு ‘டாக்கி வந்தது, அம்மாள் போய்விட்டார்’ என்று எழுதுவது அவர் படித்த படிப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது.

மூன்று அனார்கலி

1953இல் இன்னொரு ‘அனார்கலி’ வந்தது. பீனா ராய் நாயகி. பாட்டுக்கு லதா மங்கேஷ்கர். நாயகி பாடத் தேவையில்லாத காலம் வந்துவிட்டது. 1931இல் சுலோச்சனாவின் வழியை மறித்த சுவரில் பாதி இப்போது இல்லை. நடிப்பது ஒருவர், பாடுவது ஒருவர் என்று சினிமாவே ஒத்துக்கொண்டுவிட்டது.

அந்தப் படத்திலும் சுலோச்சனா இருக்கிறார். 1928இல் பேசாத அனார்கலி, 1935இல் பேசிய அனார்கலி, 1953இல் சலீமின் அம்மா. இருபத்தைந்து வருஷத்தில் ஒரே கதைக்குள் மூன்று தடவை நுழைந்தவர் அவர். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாஹேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. 1983இல் பம்பாயில் காலமானார்.

இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் சுலோச்சனாவின் பெரிய நாட்களைப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது அந்த 1953 ‘அனார்கலி’தான். மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் நடுவில் நிற்கிற ராணியாக வருகிறார், ஹிந்துஸ்தானியில் வசனம் பேசுகிறார். அடுத்த தடவை அந்தப் படம் கண்ணில் பட்டால், பாட்டு வரும் இடத்துக்குத் தள்ளிவிடாமல், ராணி வாயைத் திறக்கும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். இருபத்து நாலு வயதில், பேரும் பணமும் இருக்கும்போதே, ஒரு பெண் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மொழி அது.